கருவி போற்றிய ஜேம்ஸ் வாட்

நீராவிப் பொறியைத் திருத்தியமைத்து உலகின் தொழில்முறையையே மாற்றிய ஜேம்ஸ் வாட், முதலில் நுண்கருவிகளைப் பழுது பார்த்து வாழ்ந்த கைவினைஞர் ஆவார். அவர் 1736-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19-ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டின் கிரீனக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் தச்சர். மாலுமிகளின் கருவிகளைச் செப்பனிடுவதும் அவருக்குத் தொழிலாக இருந்தது. நோயுற்ற உடலினரான வாட்டால் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலவில்லை. தந்தையார் அளித்த சிறு கருவிகளே அவருக்கு விளையாட்டுத் தோழர்களாயின.

நுண்கருவி செய்யும் கலையைக் கற்க விரும்பிய வாட், 1755-இல் இலண்டன் மாநகர் சென்றார். ஏழாண்டு பயிலவேண்டும் என்பது அக்காலத் தொழிற்குழுக்களின் விதி. அதனால் அவரை ஏற்பார் அரியராயினர். முடிவில் ஜான் மார்கன் என்பவர் இருபது கினி பெற்றுக்கொண்டு ஓராண்டு கற்பிக்க இசைந்தார். அளவுகோல், கோணமானி, திசைகாட்டி முதலியவற்றைச் செய்ய வாட் இரவு பகலாகப் பயின்றார். உடல் நலிந்த நிலையில் 1756-இல் தாயகம் திரும்பினார்.

அவ்வேளையில், ஜமைக்காத் தீவில் வாழ்ந்த வணிகர் ஒருவர் விட்டுச்சென்ற வானியல் கருவிகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தன. கடற்காற்றின் உப்பு அவற்றைக் கெடுத்திருந்தது. நுண்கருவியில் ஒரு மயிரிழை பிறழினும் கணக்கு முழுவதும் பிழைபடும். வாட் அவற்றைத் துப்புரவாக்கிப் பழுது நீக்கி, ஐந்து பவுன் ஊதியம் பெற்றார். அவருடைய திறமையைக் கண்ட பல்கலைக்கழகத்தார், 1757-இல் தம் வளாகத்திலேயே அவருக்குப் பட்டறை அமைக்க இடம் அளித்தனர்.

1763-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நியூகோமன் நீராவிப் பொறியின் சிறு மாதிரி ஒன்று செப்பனிடுவதற்காக வாட்டிடம் வந்தது. அவர் அதனைச் சீராக்கினார். ஆயினும் அது சில முறை அசைந்தபின் நின்றுவிட்டது. பொறி அசைந்தது போதும் என்று வேறொருவர் விட்டிருக்கக்கூடும். வாட்டோ, அது நின்ற காரணத்தை ஆராயத் தொடங்கினார்.

அப்பொறியில் உருளையினுள் நீராவி புகும். பின்னர்த் தண்ணீர் தெளித்து அந்நீராவியைக் குளிர்விப்பர். அதனால் உருளையும் உடன் குளிர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதனை மீண்டும் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாயிற்று. பல சோதனைகளால் வாட் இவ்வுண்மையை அறிந்தார். நீராவியைத் தனிக்கலம் ஒன்றிற்கு ஈர்த்து அங்கே குளிர்வித்தால், உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்கும் என்னும் எண்ணம் 1765-இல் அவருக்கு உதித்தது. பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றையே உருளையாகக் கொண்டு அதனைச் சோதித்து வெற்றி கண்டார். 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1775-இல் மாத்யூ போல்டன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பொறிகளைச் செய்யலானார். அவற்றால் நிலக்கரிச் செலவு பெரிதும் குறைந்தது.

செல்வமும் புகழும் எய்திய பின்னரும் வாட் கருவிகளைக் கைவிட்டாரல்லர். 1800-இல் தொழிலினின்று ஓய்வு பெற்றார்; தம் வீட்டு மாடியறையையே பட்டறையாக்கி, முதுமையிலும் அங்கு உழைத்தார். 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வறையிலிருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் 1924-இல் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன.

பழுதை நீக்குவது கைத்திறன். பழுதின் காரணத்தை நாடுவது அறிவுத்திறன். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமையால், சிறு பட்டறையில் உழைத்த வாட் உலகம் போற்றும் பேரறிஞரானார்.