முற்றத்தில் தொடங்கிய பாய்ச்சல்

புத்தூர்ப் பக்கம் பின்னேரங்களில் கரப்பந்தாட்டம் பழகும் பெடியன்கள் வலைக்கு மேலே எம்பும்போது எனக்கு ஜிம்மி ஜோர்ஜின் நினைவு வரும்.

1955இல் கேரளாவின் பேராவூரில் பிறந்தவர். முதலில் பழக்கியது தந்தைதான். சகோதரர்கள் எட்டுப் பேருமே ஆட்டக்காரர்கள். 16 வயதில் மாநில அணி, 21இல் அர்ஜுனா விருது, பிறகு அபுதாபி, இத்தாலிக் கழகங்கள். 1986 சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். தடுக்க எழுந்தவர்கள் கீழே இறங்கும்வரை அந்தரத்தில் நின்று அடிப்பதுபோல இருக்குமாம் அவருடைய பாய்ச்சல்.

1987 நவம்பர் 30இல் இத்தாலியில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 32. அப்போது யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்துடனான போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் வலை கட்டவே ஆளில்லை என்று சித்தப்பா சொல்வார். அந்த மரணத்தை அவர் அறிந்தது வெகுகாலம் கழித்து.

பாய்ச்சல் பிறவியிலேயே அமையலாம். அது வளர ஒரு முற்றமும், பழக்க ஒருவரும், கூட விளையாட ஆட்களும் வேண்டும். சித்தப்பாவின் வயதுக்காரர் பலருக்கு இவை மூன்றையும் போர் பறித்தது. இன்று வலை இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரியூசனுக்கு முன் ஒரு மணித்தியாலமாவது அவர்களை விளையாட விடுவோம்.