முகவுரையில் இருந்த பெயர்

கினிகத்தேனையில் மழை தொடங்கினால் நாட்கணக்காய் ஓயாது. அத்தகைய மழைநாளொன்றிலே, பல ஆண்டுகளின் முன், நான் இரவிரவாய் விழித்திருந்து எழுதிய அறிக்கையொன்று அச்சாகி என் கைக்கு வந்தது. அட்டையிலே என் மேலதிகாரியின் பெயர் இருந்தது. உள்ளே எங்குத் தேடினும் என் பெயர் இல்லை. அன்று நெஞ்சிற் பற்றிய கனலை ஆற்றியது வங்காளத்துக் கணித மேதை இராதாநாத் சிக்தாரின் வரலாறே.

1813ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்த சிக்தார், அந்நகர் இந்துக் கல்லூரியிற் கணிதம் பயின்றார். சென்னைப் பரங்கிமலையருகே 1802இல் லாம்டன் தொடங்கிய பெருந் திரிகோண அளவை வேலை, அப்போது எவரெஸ்ட் என்பாரின் தலைமையில் வடக்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. கோளத் திரிகோண கணிதம் வல்ல இளைஞர் ஒருவரை எவரெஸ்ட் தேடினார். 1831இல், பதினெட்டு வயதிலே, சிக்தார் கணிப்பாளராய் அமர்ந்தார். அவர்தம் ஆற்றலை அறிந்த எவரெஸ்ட், வேறு பதவிக்குச் செல்ல அவரை விட்டாரில்லை. காலப்போக்கில் அவர் தலைமைக் கணிப்பாளராய் உயர்ந்தார்.

கணக்கில் மட்டுமன்று, நெஞ்சுரத்திலும் அவர் பெரியவர். 1843இல், டேராடூனிலே, நில அளவைத் தொழிலாளர் தலைகளில் மாவட்ட நீதிபதி ஒருவரின் பொருள்களை ஏற்றிக் கூலியின்றிச் சுமக்கச் செய்தனர். சிக்தார் அதனைத் தடுத்து நின்றார். வழக்கு நடந்தது, அவருக்கே இருநூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சுமை தூக்கியே வாழ்ந்த பரம்பரையினர் நிறைந்த இம்மலைநாட்டில் இருந்துகொண்டு இச்செய்தியைப் படிக்கையில் என் கண்கள் கலங்கின.

பதினைந்தாம் எண்ணால் குறிக்கப்பட்ட இமயச் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதைச் சிக்தார் ஓடோடி வந்து கூவியறிவித்தார் என ஒரு கதை வழங்குகின்றது. அதனை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பல இடங்களில் நின்று அளந்த கோணங்களைக் கொண்டு, ஒளி காற்றில் வளைவதற்கும் ஈடுசெய்து, பலர் கூடிக் கணித்த முடிவு அது. ஆயினும் அக்கணிப்பாளர் கூட்டத்தின் தலைவர் சிக்தாரே. 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவித்த தலைமை அதிகாரி வா, ஓய்வு பெற்றுச் சென்றுவிட்ட தம் முன்னவர் எவரெஸ்டின் பெயரை மலைக்குச் சூட்டினார். எவரெஸ்டே அதனை விரும்பவில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

அதனினுங் கொடியது பின்னர் நிகழ்ந்தது. சிமித், துயிலியர் என்னும் இருவர் 1851இல் நில அளவைக் கைந்நூலொன்றை வெளியிட்டனர். கணிதஞ் சார்ந்த பகுதிகள் பலவற்றை ஆக்கியவர் சிக்தார் என முகவுரையிலே அவர்கள் நன்றியுடன் கூறியிருந்தனர். 1862இல் ஓய்வு பெற்றுக் கணித ஆசிரியராய் விளங்கிய சிக்தார், 1870இற் காலமானார். 1875இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுத்து இருந்தது. முகவுரையிலிருந்த பெயர் மறைந்தது. மறுக்க அவரோ உயிருடன் இல்லை. அடுத்த ஆண்டில், அவர்தம் திணைக்களத்தைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவரே பத்திரிகை வாயிலாக அவ்வநீதியைக் கண்டித்தார். முதற் பதிப்பின் முகவுரை சான்றாயிருந்தமையால் உண்மையை எவராலும் அழிக்க இயலவில்லை. 2004இல் இந்திய அரசு சிக்தாரின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இவ்வரலாற்றை முடித்தபோது என் மேசைமேல் மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களின் தொகுப்பு அச்சுக்கு ஆயத்தமாய்க் கிடந்தது. லயம் லயமாய்ச் சென்று அவற்றைச் சேர்த்தவர்கள் என் மாணவர்கள். முகவுரையை எடுத்துப் பார்த்தேன். மாணவர் சிலர் உதவினர் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்! என் மேலதிகாரியை இத்தனை காலம் வெறுத்த நான் செய்திருந்ததும் அதுவே. வெட்கத்துடன் அவ்வரியை அடித்துவிட்டு, மாணவர் பெயர்களையும், அவர்களுக்குப் பாடிக் கொடுத்த மூதாட்டியர் பெயர்களையும் ஒன்றுவிடாது எழுதலானேன். இரண்டு பக்கம் நிறைந்தது.