கைவிளக்கேந்திய காரிகையும் ஓர் ஆந்தைக் குஞ்சும்

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நம் நினைவுக்கு வருகிறார். காயமுற்ற போர்வீரர்களை இரவெல்லாம் விளக்கோடு சுற்றிப் பார்த்த அந்த அம்மையாரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அவரே ஒரு காலத்தில் மனம் ஒடிந்து கிடந்தார் என்பதும், அந்நாளில் ஓர் ஆந்தைக் குஞ்சு அவருக்குத் துணையாயிற்று என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரே அவருக்குப் பெயராயிற்று. 1837-இல், பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். ஆனால் நோயாளிகளைப் பராமரிப்பது உயர்குடிப் பெண்களுக்கு ஏற்ற வேலையன்று என்று கருதப்பட்ட காலம் அது. 1845-இல் சாலிஸ்பரி நகர மருத்துவமனையில் பணி பயில அவர் அனுமதி கேட்டபோது பெற்றோர் மறுத்துவிட்டனர். ஆண்டுகள் ஓடின. அழைப்பு நெஞ்சில் கனன்றது, வழியோ திறக்கவில்லை. வாழ்வே வீணாகிறதே என்ற ஏக்கம் அவரை வாட்டியது.

மனம் தேறட்டும் என்று குடும்ப நண்பர்களான பிரேஸ்பிரிட்ஜ் தம்பதியர் 1849-இல் அவரை எகிப்துக்கும், பின்னர் கிரேக்க நாட்டுக்கும் அழைத்துச் சென்றனர். இடங்கள் மாறினாலும் துயரம் மாறவில்லை. 1850-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் பார்த்தினன் ஆலயத்தின் அருகே, கூட்டிலிருந்து விழுந்த ஓர் ஆந்தைக் குஞ்சு சிறுவர்கள் கையில் சிக்கித் தவிப்பதைக் கண்டார். அதை மீட்டெடுத்து, ஏதீனா என்று பெயரிட்டார்.

ஆந்தை அலறினாலே அபசகுனம் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அம்மையாருக்கோ அது ஒரு தாயற்ற பிள்ளை. அதற்கு உணவூட்ட வேண்டும். குளிர் படாமல் காக்க வேண்டும். அதன் சீற்றத்தையும் கொத்தலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம் துயரையே எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, தம்மையே நம்பியிருக்கும் ஓர் உயிரைப் பேணும் கடமை வாய்த்தது. சட்டைப் பையே ஏதீனாவின் வீடாயிற்று.

அந்தப் பயணத்தின் முடிவில் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் மருத்துவத் தொண்டு இல்லத்தில் இரண்டு வாரம் தங்கினார். அங்கு கண்ட பணி அவருக்குப் புதிய துணிவைத் தந்தது. சட்டைப் பையில் ஆந்தையோடு வீடு திரும்பினார். மறு ஆண்டே அந்த இல்லத்துக்கு மீண்டும் சென்று, மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். ஆந்தைக் குஞ்சுதான் அவரை மாற்றியது என்று சொல்வது மிகையாகும். இறைவன் காட்டிய வழியில் நடக்க, இருண்ட நாளில் அது ஒரு சிறு ஊன்றுகோலாயிற்று என்பதே பொருந்தும்.

1854-இல் கிரிமியப் போர் முனைக்கு அழைப்பு வந்தது. புறப்படும் அவசரத்தில் வீட்டார் ஏதீனாவை மேல்மாடி அறையில் விட்டு மறந்தனர். கவனிப்பாரின்றி அது இறந்துபோயிற்று. பெரிய பணியில் இறங்கும் வேளையில் அம்மையார் அந்தச் சிறு உயிருக்காகக் கண்ணீர் விட்டார். அக்டோபர் 21-ஆம் நாள் 38 பெண்களோடு பயணமானார். அவர்களில் பத்துப் பேர் நம் கத்தோலிக்க அருட்சகோதரிகள். அவர்களுள் பெர்மண்ட்ஸி மடத்து அன்னை மேரி கிளேர் மூர், அம்மையாரின் வாழ்நாள் தோழியானார்.

1855-இல் கடுங்காய்ச்சலில் விழுந்து அம்மையார் தேறிவந்தபோது, அவருடைய தமக்கை பார்த்தினோப் ஏதீனாவின் கதையை எழுதி, படமும் வரைந்து அனுப்பி வைத்தார். மறைந்த பின்னும் அந்தப் பறவை நோயாளிக்கு ஆறுதல் தந்தது.

போர் முடிந்து திரும்பிய அம்மையார் பல்லாண்டுகள் நோயாளியாகவே படுக்கையில் கழித்தார். பூனைகள் அவருக்குத் துணையிருந்தன. 1859-இல் எழுதிய நோயாளர் பராமரிப்பு நூலில், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்றார். அதற்கு உணவிடவும் இடத்தைச் சுத்தம் செய்யவும் நோயாளியால் முடியுமானால், அவரையே செய்யவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். 1910 ஆகஸ்ட் 13-இல், தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். பாடம் செய்யப்பட்ட ஏதீனா, லண்டனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்பார்ந்த பங்கு மக்களே, நம் வீடுகளிலும் திண்ணையோடு முடங்கிவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம் என்று சொல்லி, கோழிக் குஞ்சுக்குத் தீனி போடும் வேலையைக்கூட அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். பராமரிப்பு பெறுவது மட்டும் மனிதருக்குப் போதாது. பராமரிக்கவும் ஓர் உயிர் வேண்டும். அந்தக் கிண்ணத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம்.