மாருதி எஞ்சினில் பந்தயக் கனவு: கோவை கரிவர்தனின் வாழ்க்கை

சிங்கப்பூரில் மோட்டார் பந்தயம் என்றதும் இளையர்களுக்கு நினைவுக்கு வருவது மரினா பே இரவுப் பந்தயம். மூத்த தலைமுறையினருக்கோ அப்பர் தாம்சன் ரோடு. 1961 முதல் 1973 வரை அங்குப் பொதுச் சாலையையே அடைத்து கிராண்ட் பிரி நடத்தினார்கள். வெளிநாட்டு ஓட்டுநர்கள் வந்த அதே நாளில், உள்ளூர்க்காரர்களும் பட்டறைகளில் தாங்களே தட்டிக் கொட்டித் தயார் செய்த சாதாரண கார்களில் போட்டியிட்டார்கள்.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு மலிவான, அதே நேரத்தில் உண்மையான பந்தயக் காரைக் கொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சுந்தரம் கரிவர்தன். நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் அவர் 'கரி'.

மில் குடும்பத்துப் பிள்ளை

1954ல் பிறந்த கரிவர்தன், கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலைத் தொழில் வீட்டிலேயே இருந்தது. அவர் மனமோ எஞ்சின் பக்கம் போனது. பஞ்சாலைகளும் பம்பு செட் தொழிற்சாலைகளும் நிறைந்த கோவையில் கடைசல் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் குறைவில்லை. ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றால் அதைச் செய்துவிடலாம் என்ற எண்ணம் அந்த ஊரில் இயல்பானது. பின்னாளில் கரிக்குக் கைகொடுத்தது அதுதான்.

அந்நாளில் தென்னிந்தியப் பந்தயங்களின் மையம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் மக்கள் திரண்டார்கள்.

ஆனால், ஓட்ட நினைத்தவர்களுக்குக் கார்தான் பெரிய தடை. வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு. அதைத் தாண்டினால் கடும் வரி. வசதி படைத்த சிலர் மட்டுமே வெளிநாட்டு ஒற்றை இருக்கைக் கார்களை வரவழைத்தார்கள். மற்றவர்கள் பழைய ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார்களை வாங்கினார்கள். பின்னிருக்கையைக் கழற்றினார்கள். தேவையில்லாத எடையை எல்லாம் குறைத்தார்கள். மீதமிருந்த பணத்தை எஞ்சினுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் செலவழித்தார்கள். ஒரு பாகம் உடைந்தால் அந்தப் பருவமே முடிந்துபோகலாம்.

கரிக்குப் பணம் தடையாக இல்லை. சோழவரத்தில் நாடறிந்த ஓட்டுநராக அவரால் பெயர் எடுக்க முடிந்தது. அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், பணமுள்ளவர்கள் மட்டும் ஓடினால் பந்தயத்துக்குப் போட்டியும் இல்லை, எதிர்காலமும் இல்லை.

எல்லாருக்கும் ஒரே எஞ்சின்

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். எடை குறைவு, சில ஆண்டுகளிலேயே சிற்றூர்களிலும் உதிரிபாகம் கிடைத்தது. குடும்பங்கள் அதைச் சிக்கனமான கார் என்று பார்த்தன. கரி அதில் ஒரு பந்தயக் காரைப் பார்த்தார்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஃபார்முலா மாருதி'. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம். அதன்மேல் கண்ணாடி இழையாலான உடல். ஒரே ஓர் இருக்கை. மாருதி காரின் முன்னால் இருந்த எஞ்சின், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. பார்ப்பதற்கு அசல் ஃபார்முலா கார். பழுதானால் உதிரிபாகம் தேடி வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. மாருதி கடைக்குப் போனால் போதும்.

அதைவிடப் பெரிய பலன் ஒன்று இருந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், யாரிடம் பணம் அதிகம் என்பது பின்னுக்குப் போனது. வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எப்போது கியர் மாற்றுவது என்று அறிந்தவரே முன்னால் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

1990களில் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த புதிய தடத்துக்கு மாறின. அங்கு ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய இளையர்களில் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன்.

பாதியில் முடிந்த ஓட்டம்

கரிக்குப் பறப்பதிலும் ஆர்வம் உண்டு. அதுவே அவருக்கு எமனானது. 1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி, கோவையில் சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

அடுத்த ஆண்டே நரேன் 'ஃபார்முலா ஏஷியா' பட்டத்தை வென்றார். 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2012ல் மரினா பே தடத்திலும் களமிறங்கினார். சிராங்கூன் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், மாருதி எஞ்சினில் பாடம் கற்ற ஒரு தமிழ்நாட்டுக்காரர் உலகின் முன்னணி ஓட்டுநர்களோடு ஓட்டினார். அதைப் பார்க்கக் கரி இல்லை.

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட பந்தயத் தடம், 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேசியப் போட்டிகள் அங்கு நடக்கின்றன. அவற்றில் ஓடும் 'ஃபார்முலா எல்ஜிபி' கார்களிலும் சாலையில் ஓடும் சாதாரண காரின் எஞ்சின்தான். ஊரில் கிடைக்கும் பாகங்களை வைத்தே பந்தயக் கார் கட்டலாம் என்று கரி போட்ட வழியில், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தும் புதிய இளையர்கள் ஓட்டப் பழகுகிறார்கள்.