காப்பிக் கடைக்காரர் லாயிட்

கப்பல் மூழ்கினால், அதன் முதலாளியும் ஓட்டாண்டி ஆகிவிடுவார்! அந்த நஷ்டத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டால் பிழைத்துக்கொள்வார். அதுதான் கப்பல் இன்ஷூரன்ஸ்.

1688-ம் ஆண்டில் லண்டன் டவர் தெருவில் காப்பிக் கடை நடத்தி வந்தார் எட்வர்டு லாயிட். மாலுமிகளும் வியாபாரிகளும் அங்கே கூடினார்கள். 1691-ல் கடை லம்பார்டு தெருவுக்கு மாறியது. கப்பல் செய்திகளைத் திரட்டிக் கொடுத்தார் லாயிட். 1696-ல் செய்தித்தாளும் தொடங்கினார். அது விரைவில் நின்றுவிட்டது. ஆனால் கூட்டம் குறையவில்லை.

லண்டன் வளர்ந்தது. 1700-ல் அங்கே சுமார் 5 லட்சம் மக்கள் இருந்தார்கள். சிற்றூரில் நஷ்டத்தை ஏற்கப் பத்துப் பேரைத் தேடி அலையவேண்டும். இங்கோ, நாளடைவில் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தார்கள். அலைச்சல் குறைந்தது, தொழில் பெருகியது.

1713-ல் லாயிட் இறந்தார். அவர் விற்றது காப்பிதான். ஆனால், உலகப் புகழ் பெற்ற லண்டன் இன்ஷூரன்ஸ் சந்தைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது!