கொசுவின் வயிற்றில் கண்ட உண்மை

நீலகிரியின் மேற்குச் சரிவில், வயநாட்டை ஒட்டி, நெல்லியாளம் என்னும் ஊர் உளது. இன்று தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரும், அடுத்துள்ள பந்தலூர், தேவாலா முதலிய ஊர்களும் முற்காலத்தில் குளிர்காய்ச்சலுக்குப் பெயர் பெற்றவை. 1880-ஆம் ஆண்டை ஒட்டிப் பொன் கிடைக்கும் என்னும் ஆசையால் இங்கே திரண்டு வந்தோர் பலர். காய்ச்சலுக்கு இரையாகி ஊர் திரும்பாதோரும் அவருள் உண்டு. சதுப்பு நிலத்தினின்று எழும் தீய காற்றே இந்நோய்க்குக் காரணம் என அந்நாளில் கருதினர். மலேரியா என்னும் பெயருக்கும் தீய காற்று என்பதே பொருள். இக்கருத்தைப் பொய்யாக்கியவர் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர்.

இவர் 1857-ஆம் ஆண்டு மே திங்கள் 13-ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். இளமையில் இவர் உள்ளம் கவிதையிலும் இசையிலும் கணிதத்திலும் தோய்ந்து கிடந்தது. தந்தையார் விருப்பத்திற்காகவே மருத்துவம் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மலேரியாவை விளைக்கும் நுண்ணுயிரை 1880-இலேயே இலவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் குருதியிற் கண்டறிந்திருந்தார். அவ்வுயிர் ஒருவர் உடலினின்று மற்றொருவர் உடலுக்குச் செல்லும் வழியே விளங்கவில்லை. 1894-இல் ராஸ் விடுமுறையில் இலண்டன் சென்றபோது, பாட்ரிக் மான்சன் என்னும் பேரறிஞர் அந்நுண்ணுயிரை அவருக்குக் காட்டினார். கொசுவை ஆராயுமாறும் தூண்டினார். மறு ஆண்டு ராஸ் செகந்தராபாத்துக்குத் திரும்பிக் கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார். நூற்றுக்கணக்கில் அறுத்தும் ஒன்றும் புலப்படவில்லை. அவர் ஆராய்ந்தவை மலேரியாவைச் சுமவாத இனங்கள் என்பதை அவர் அப்போது அறியார்.

1897-ஆம் ஆண்டுக் கோடையில் விடுப்புப் பெற்று உதகைக்கு வந்தார். உதகையின் குளிரில் இந்நோய் அரிது. ஆதலின் கல்லட்டி வழியாக மசினகுடிப் பக்கம் இறங்கும் சீகூர் மலைவழிக்குச் சென்றார். அஃது அந்நாளில் காய்ச்சல் மிகுந்த இடம். கொயினா மருந்தை நாள்தோறும் உண்டுவந்தும் அவரையே காய்ச்சல் பற்றிக்கொண்டது. கொயினா தரும் சிங்கோனா மரத்தைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்துவந்த மலையிலேயே இவ்வாறு நேர்ந்தது வியப்பன்றோ! எனினும் அப்பயணம் வீண்போகவில்லை. புள்ளிச் சிறகுடைய கொசு ஒன்று சுவரில் புதுமையான நிலையில் அமர்ந்திருந்ததை அவர் அங்கே கண்டார். அதன் இனப்பெயர் தெரியாவிடினும் அதனை மனத்திற் பதித்துக்கொண்டார்.

உடல் தேறிச் செகந்தராபாத்துக்கு மீண்டவருக்கு அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அத்தகைய கொசுக்கள் சில கிட்டின. உசேன்கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றுக்கொண்டு அவற்றிற்குத் தம் குருதியை ஈந்தார். வெப்பமோ தாங்கவொண்ணாதது. விசிறியை இயக்கினால் அறுத்த கொசு பறந்துவிடும். ஆதலின் அதனையும் நிறுத்திவிட்டார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 20-ஆம் நாள் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான சில அணுக்களைக் கண்டார். அவற்றினுள்ளே கரிய துகள்கள் இருந்தன. நோயாளியின் குருதியில் வாழும் நுண்ணுயிரிலும் அத்தகைய துகள்களே உள. மறுநாள் அறுத்த கொசுவில் அவ்வணுக்கள் பின்னும் பருத்திருந்தன. நுண்ணுயிர் கொசுவினுள் வளர்கின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பெரும்பொருள் கைக்கு எட்டிய வேளையில், மலேரியா மிகுதியாக இல்லாத இராசபுதனத்துக் கேர்வாராவுக்கு அவரை மாற்றினர். மான்சன் முதலியோர் முயற்சியால் 1898-இல் கல்கத்தாவில் ஆராய வாய்ப்புக் கிடைத்தது. அங்கே பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். இரைப்பையில் வளர்ந்த நுண்ணுயிர் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. கடிக்கும்போது உமிழ்நீரோடு புது உடலிற் புகுகின்றது. இதனை அவ்வாண்டு சூலைத் திங்களில் நிறுவினார். கொசுக்களைத் திரட்டி வளர்த்து உடனுழைத்த முகம்மது பக்சு என்பாரை உலகம் அத்துணை அறியாதது வருந்தத்தக்கது.

மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்வதை இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோர் அவ்வாண்டின் இறுதியில் மெய்ப்பித்தனர். முதன்மை யாருக்கு என்பது பற்றி ராசுக்கும் கிராசிக்கும் மூண்ட பூசல் நெடுங்காலம் நீண்டது. இருவர் பெருமைக்கும் அது பொருந்துவதன்று. 1902-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ராசுக்கே கிடைத்தது.

பின்னர் அவர் லிவர்ப்பூலில் ஆசிரியராயிருந்து, தேங்கிய நீரை அகற்றிக் கொசுவை ஒழிக்கும் முறையை நாடுதோறும் பரப்பினார். சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகரில் அம்முறை பெரும்பயன் தந்தது. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் இலண்டனில் ராஸ் காலமானார்.