கடலைக் கணக்கிட்ட கெல்வின்

வெப்பநிலை அலகின் பெயராக நாம் அறிந்த கெல்வின், கடலையும் கணக்கிட்ட பேரறிஞர். வில்லியம் தாம்சன் என்பது அவரது இயற்பெயர். 1824இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் உழவர் குடியில் தோன்றிக் கணிதப் பேராசிரியராய் உயர்ந்தவர். மகனோ 22ஆம் வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கடல் ஓதம் பல அசைவுகளின் கூட்டு. நிலவால் 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறையும், கதிரவனால் 12 மணிக்கு ஒருமுறையும் நீர் எழும். இன்னும் பல உண்டு. அளந்த கடல்மட்டத்திலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும் முறையைக் கெல்வின் வகுத்தார். அசைவுக்கு ஒரு கப்பி வைத்து, ஒரே கயிற்றால் யாவற்றையும் கூட்டி, வருங்கால ஓதத்தைத் தாளில் வரையும் பொறியையும் 1872-73இல் அமைத்தார். அவ்வழியில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879இல் ஒரு பொறி உருவாயிற்று.

இதனால் என்ன பயன்? வழக்கமான ஓதம் தெரிந்தால்தான் வழக்கமல்லாத அலை புலப்படும். 1881 டிசம்பர் 31 அன்று நிகோபார் அருகே நிலம் அதிர்ந்தது. அப்போது எழுந்த ஆழிப்பேரலையைப் போர்ட் பிளேர், சென்னை ஓதமானிகள் பதிவு செய்தன. 2004இல் திண்டிவனத்திற்குக் கிழக்கே நம் மரக்காணம் கரையையும் ஆழிப்பேரலை தாக்கியது, முன்னெச்சரிக்கை வரவில்லை. இன்று தொலைதூர ஆழ்கடலின் அடியில் நீரழுத்தம் அளக்கும் கருவிகள், ஓதத்தைக் கழித்துவிட்டு எஞ்சுவதைக் கொண்டே ஆபத்தை உணர்த்துகின்றன.

1907இல் கெல்வின் மறைந்தார். அவர் வகுத்த கணக்கு நம் கடலோர மக்களுக்குக் காவலாய் நிற்கிறது. உழவர் குடிப் பிள்ளைகளாகிய நாமும் அக்கணக்கைக் கற்றுத் தொடர்வோமாக!